அத்தையின் ஞாபகத்துக்கு ஓர் அலமாரி

"எதிர்வீட்டுக்காரர் தண்ணித் தொட்டியைப் பாக்கக் கூரை மேல ஏறியிருக்கார். அந்த நேரம் பாத்து எவனோ ஏணியை எடுத்துட்டுப் போயிட்டான். இவரு மேல நின்னுக்கிட்டு…" என்று சொல்லிக்கொண்டே வந்த மாமியார், அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

சாப்பாட்டு மேசையில் மகளும் மாப்பிள்ளையும் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்கள். மாமியார் கன்னத்தில் கை வைத்தார். மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார். மீதிக் கதை அங்கேயும் இல்லை போலிருந்தது.

"நின்னுக்கிட்டு?" என்று எடுத்துக் கொடுத்தார் மாப்பிள்ளை.

"ம்" என்றார் மாமியார். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடக்க, எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "பாத்தீங்களா? போன வாரம் கல்யாண வீட்டுக் கதை. முந்தாநேத்து பஸ்ல தூங்கினவன் கதை. இன்னைக்கு ஒரு மனுஷனைக் கூரை மேல நிக்க வெச்சுட்டு எழுந்து போயிட்டாங்க."

"அவரு இறங்கிட்டாரு. சாயங்காலம் நான் பாத்தேனே."

"இப்ப அதுவாங்க கேள்வி? எங்கம்மா எந்தக் கதையையும் பாதியில விட்டதே கிடையாது. ராங் நம்பர்ல கூப்பிட்டவனையே அரை மணி நேரம் பிடிச்சு வெச்சுப் பேசுவாங்க. அவன் மீதியைக் கேக்க மறுநாள் திரும்பக் கூப்பிடுவான். அம்மாவுக்கு மறதி வந்துடுச்சுங்க."

மாப்பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு, மாமியார் சாத்திய கதவையே பார்த்தார்.

அவருக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகிவிட்டது. காதோரம் நரைத்துவிட்டது. இருந்தாலும் அந்த வீட்டில் அவர் மாப்பிள்ளைதான். மாமியார் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவில் பால் போடுகிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். விடுதிகளில் வளர்ந்த மனிதர் அவர். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எதிரே நின்ற முதல் ஆள் மாமியார்தான். மாப்பிள்ளை சொல்லும் ஜோக்குகளுக்குச் சிரிக்கிற ஒரே ஜீவனும் அந்த மாமியார்தான். கட்டிய மனைவி அவற்றைக் காது கொடுத்துக் கேட்பதையே நிறுத்திவிட்டாள். இப்போதெல்லாம் மாமியாரும் வாயைக் கையால் மூடிக்கொண்டு தோளை மட்டும்தான் குலுக்குகிறார். சிரிப்புகூட மறந்துவிட்டதே என்று மாப்பிள்ளைக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

தொழில் என்று பார்த்தால் மாப்பிள்ளை பல் கட்டுகிறவர். வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போகும் தூரத்தில் சின்னப் பட்டறை. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவர் கைவேலை. மீதிப் பாதி சிரிக்காமல் இருப்பதும் அவர் கைவேலைதான் என்று தொழில் பொறாமை உள்ளவர்கள் சொல்வார்கள். குத்துகிறது, கடிக்கிறது என்று யார் வந்து நின்றாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: "பழகப் பழகச் சரியாயிடும்." அவருடைய வாடிக்கையாளர்களிலேயே குறை சொல்லாதவர் மாமியார் ஒருவர்தான். இந்தப் பிறந்தநாளுக்கு மாமியாரை அசத்திவிட வேண்டும் என்று, அவர் காதுக்கு எட்டாமலேயே ஒரு புதுப் பல் செட்டைச் செய்து, ரிப்பன் கட்டி நீட்டினார். பழைய செட்டைத் தன் கையாலேயே குப்பையில் போட்டார். மாமியார் புதியதை மாட்டிக்கொண்டு கண்ணில் நீர் தளும்ப நின்று, "தங்கம் மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்றார். அப்படி ஒரு நன்றிக் கண்ணீரை மாப்பிள்ளை அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட அத்தைக்கு மறதி என்றால்?

மறுநாள் சாயங்காலம் நிலைமை இன்னும் மோசமானது. வெளியூரில் பெரிய வேலையில் இருக்கும் மச்சான் போன் செய்தார். மாப்பிள்ளை ஸ்பீக்கரைப் போட்டு மாமியாரின் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, எப்படி இருக்கே?"

மாமியார் யோசித்தார். "நல்லா."

"என்ன சாப்பிட்டே?"

அதற்கு இன்னும் பெரிய யோசனை. கன்னத்துக்குக் கை போனது. "ரொட்டி."

"வேற என்ன விசேஷம்?"

"ம்."

மச்சான் குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை, ஸ்பீக்கரை அணைங்க" என்றார். "நான் போனை எடுத்தா அம்மா பேசி முடிக்கறதுக்குள்ள என் பேட்டரி செத்துடும். இப்ப மூணே வார்த்தை. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இங்க நல்ல இல்லம் ஒண்ணு இருக்கு. டாக்டர், நர்ஸ், தோட்டம் எல்லாம் அங்கேயே. இப்ப லீவு இல்ல, மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வரேன். அம்மாவை அங்க கொண்டுபோய் விட்டுடலாம்."

"மச்சான், அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. நான் பாத்துக்கறேன்."

"நீங்க பல்லைப் பாருங்க மாப்பிள்ளை. மூளையை டாக்டருங்க பாத்துப்பாங்க."

இந்தப் பேச்சு மாப்பிள்ளையை நன்றாகவே குத்திவிட்டது. அத்தை போய்விட்டால் இந்த வீடு வெறும் சுவர்தான் என்று அவருக்குத் தோன்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அத்தையின் ஞாபகத்தைப் பழையபடி ஓட வைத்துக் காட்டுகிறேன், மச்சான் முகத்தில் ஈயாடாமல் செய்கிறேன் என்று மனசுக்குள் சபதம் போட்டார்.

சபதம் போட்டவருக்கு வழி காட்டத்தான் கைப்பேசி இருக்கிறதே. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வீடியோவில், 'மூளைக்கு மருந்து மருந்துக்கடையில் இல்லை, உங்கள் சமையலறையில் இருக்கிறது' என்றார். வால்நட், பாதாம், விதைகள், கீரை, மீன், முழுத் தானியம் எல்லாம் உள்ளே வர வேண்டும். மைதா, சர்க்கரை, எண்ணெயில் பொரித்தது எல்லாம் வெளியே போக வேண்டும். உப்பு கண்ணில் படவே கூடாது. நல்லது எப்போதும் கண் எதிரே இருக்க வேண்டும், ஏனென்றால் கண் பார்ப்பதைத்தான் கை எடுக்கும்.

மாப்பிள்ளை சமையலறைக்குள் புகுந்தார். பிஸ்கட், ஜாம், கேக், வெள்ளை ரொட்டி எல்லாம் ஒரு பைக்குள் போய்ப் பக்கத்து வீட்டுக்குப் பயணமாயின. மாமியார் சாயங்காலம் பாலில் தோய்த்துச் சாப்பிடும் ரொட்டியும் அதில்தான் இருந்தது. பை வாசலைத் தாண்டும்வரை மாமியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலேற்றி அனுப்புகிற முகம்.

"கவலைப்படாதீங்க அத்தை. அதைவிட நல்ல ரொட்டி வாங்கியாந்திருக்கேன். முழுக்கோதுமை. மேலேயும் விதை, உள்ளேயும் விதை." அவர் ரொட்டியை மேசை மேல் தட்டிக் காட்டினார். டொக் டொக் என்று கேட்டது. "பாத்தீங்களா, எவ்வளவு சத்து!"

மாமியார் ரொட்டியைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார். அன்று அவருக்குப் பசிக்கவில்லை.

அடுத்தது அலமாரி. பழைய அலமாரிகள் எல்லாம் இருட்டு. கதவைத் திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அத்தையின் கண்மட்டத்தில், கண்ணாடிக் கதவு போட்டு, பாதாமும் வால்நட்டும் நகைக்கடையில் மாதிரி பளிச்சென்று தெரிய வேண்டும் என்று மாப்பிள்ளை முடிவு செய்தார். தச்சரைக் கூப்பிட்டார்.

தச்சர் வந்தபோது பென்சிலைத் தேடிக்கொண்டே வந்தார். அது அவர் காதில் செருகியிருந்தது.

"டேப் எங்கப்பா?" என்றார் மாப்பிள்ளை.

"அதுதான் சார், எங்கேயோ வெச்சுட்டேன். எங்கேன்னுதான் ஞாபகம் வரல. பரவாயில்ல, எனக்குக் கண்ணே டேப்பு." ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்த்தார். கையை விரித்து மூன்று சாண் அளந்தார். நான்காவது சாணில் எத்தனையாவது என்று மறந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இரண்டு நாளில் அலமாரி வந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சுவரில் மட்டும் போகவில்லை. இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் தூக்கியது. அந்தப் பக்கம் அமுக்கினால் ஜன்னல் மூடவில்லை.

மாப்பிள்ளைக்கு வந்ததே கோபம்! "ஏம்பா, ஒரு இடத்துல ஒண்ணைப் பொருத்தணும்னா முதல்ல அளவு எடுக்க வேண்டாமா? கண்ணளவுல செஞ்சா இப்படித்தான். நானும் கைவேலை செய்யறவன்தான். அளவுதான்யா தொழிலுக்கு உயிர்!"

"கோவிச்சுக்காதீங்க சார். புது மரம் இல்லையா, கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பழகப் பழகச் சரியாயிடும்."

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. வாசற்படியில் நின்றிருந்த மாமியார் திடீரென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"அத்தைக்கு என்ன, இருமலா? தண்ணி குடுங்க யாராவது!"

ஆகக்கூடி, தச்சர் வீட்டிலேயே உட்கார்ந்து இழைத்துச் சரி செய்வது என்று முடிவானது. காலையில் மாப்பிள்ளை தன் மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றி, பஸ் நிலையத்தில் அவள் டிக்கெட் கொடுக்கும் கவுன்டரில் விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவார். சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு திரும்புவார். இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் மாமியாரும் தச்சரும்தான். "அத்தை, அந்த ஆளு சுத்தியலை எங்க வெச்சான்னு நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க. அவன் உங்களைக் கொஞ்சம் பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ரெண்டு மறதிக்காரர்களையும் ஒருவரை நம்பி ஒருவரை விட்டுவிட்டுப் போகிறோமே என்று ஸ்கூட்டரின் பின்னால் இருந்து மனைவி புலம்பினாள். அந்தப் புலம்பல் அவர் காதில் விழவில்லை. ஸ்கூட்டரின் சைலன்ஸர் உடைந்து நாளாகிவிட்டது. அது தெருமுனையில் திரும்பினாலே எல்லா வீட்டு நாய்களும் எழுந்து நிற்கும்.

பழைய அலமாரிகளைப் பெயர்த்தபோது அதில் இருந்த சாமான்கள் வீடு முழுக்கக் குடியேறின. மாப்பிள்ளை எல்லாவற்றையும் புது முறைப்படி வைத்தார். மூளைக்கு நல்லது முன்னால். மற்றது பின்னால். கெட்டது காணாமல்.

"என்னங்க, உப்பு எங்க?" என்றாள் மனைவி.

"கண்ணுல படாத இடத்துல வெச்சிருக்கேன்."

"சரி, எந்த இடம்?"

"அதான், கண்ணுல படாத இடம்."

"அது எதுன்னுதானே கேக்கறேன்?"

மாப்பிள்ளை சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ரொம்ப நல்ல இடமாத்தான் பாத்து வெச்சேன்" என்றார்.

"ஞாபக சக்திக்காகச் சமையலறையை மாத்தின மனுஷன்!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

உப்பில்லாமலே கீரை சாப்பிட்டார்கள். உப்பில்லாமலே மீன் சாப்பிட்டார்கள். காப்பியில் ஆளி விதைப் பொடி விழுந்தது. சர்க்கரை டப்பா துணி துவைக்கும் மெஷினுக்குள் அகப்பட்டது, அதுவும் துவைத்த பிறகு. மாப்பிள்ளையின் சட்டைகளை எறும்பு மொய்த்தது. அரைப் பட்டினியில் கவுன்டரில் உட்கார்ந்திருந்த மனைவி, வடக்கே போகிறவருக்குத் தெற்கே போக டிக்கெட் கொடுத்து, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மாமியார் ஒரு டம்ளர் எடுக்க ஏழெட்டுக் கதவுகளைத் திறந்து திறந்து மூடினார்.

"பாரு, டம்ளர் எங்க இருக்குன்னுகூட மறந்துட்டாங்க" என்றார் மாப்பிள்ளை வேதனையோடு.

"எனக்கும்தாங்க தெரியல!"

"உனக்குமா?" என்று மாப்பிள்ளை அதிர்ந்துபோய், அன்றிலிருந்து மனைவியின் தட்டிலும் கூட ஒரு பிடி பாதாம் வைத்தார்.

இத்தனை அலங்கோலத்திலும் ஒரே ஓர் ஆறுதல். பாதாமும் வால்நட்டும் சக்கைப்போடு போட்டன. காலையில் ஜாடி நிறைய வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் அடிமட்டம் தெரிந்தது. மாப்பிள்ளை வாயெல்லாம் பல்லாக மறுபடியும் வாங்கி நிரப்பினார்.

"அத்தை, எல்லாம் சாப்பிட்டீங்களா?"

மாமியார் மேலே பார்த்துவிட்டு, "தீந்துடுச்சு மாப்பிள்ளை" என்றார்.

ஆனால் பேச்சு மட்டும் கூடவில்லை. முன்பாவது பாதிக் கதை வந்தது. இப்போது கால் கதைக்கும் வழியில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், "பசிக்கல, அப்பவே சாப்பிட்டாச்சு" என்று எழுந்துவிடுகிறார். ஜாடி ஜாடியாகச் சாப்பிடுகிறவர் இளைத்துக்கொண்டே போவது எப்படி என்று மகளுக்குப் புரியவில்லை. மாமியாரின் வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது.

"மூளை நல்லா ஓட ஆரம்பிச்சா உடம்பு கொஞ்சம் இளைக்கத்தான் செய்யும்" என்றார் மாப்பிள்ளை. ராத்திரி படுக்கையில் திரும்பித் திரும்பிப் படுத்தார். அத்தையின் வளையல் சத்தம் காதிலேயே இருந்தது.

தச்சர்தான் நாளொரு மேனியாகத் தேறிக்கொண்டிருந்தார். கன்னம் மினுமினுத்தது. தொலைந்த டேப் கிடைத்துவிட்டது. காலையில் வந்ததும், "சார், போன செவ்வாய்க்கிழமை நீங்க நீலச் சட்டையில வந்து, மூணாவது தட்டு அரை விரக்கடை இறங்கணும்னு சொன்னீங்க. இறக்கிட்டேன். அப்புறம், உங்க உப்பு பழைய செருப்புப் பெட்டிக்குள்ள இருக்கு. அன்னைக்கு நீங்க வெச்சதைப் பாத்தேன்" என்றார்.

"இந்த ஆளுக்கு என்ன ஆச்சு?" என்றாள் மனைவி. "வந்தப்போ காதுல இருந்த பென்சிலைக் காணோம்னு தேடினவன்!"

"நம்ம வீட்டுக் காத்துக்கே அந்த மகிமை வந்துடுச்சு" என்றார் மாப்பிள்ளை. அத்தைக்கு மட்டும் ஏன் அது வேலை செய்யவில்லை என்று வெள்ளைக் கோட்டுக்காரரின் இன்னொரு வீடியோவைத் தேடிப் பிடித்தார். அதில் பதில் கிடைத்தது. 'மெல்லுங்கள்! நன்றாக மென்று தின்னுங்கள்! தாடை அசைந்தால் மூளை விழிக்கும்!'

மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். அதுதானே பார்த்தேன்! அன்றைக்கே மிக்ஸியைத் தூக்கிப் பரணில் போட்டார். சூப்புக்குத் தடை. கேரட்டைப் பச்சையாக, விரல் விரலாக நறுக்கி அடுக்கினார். வால்நட்டை உடைக்காமல் முழுசாக வைத்தார்.

அடுத்த நாள் சாயங்காலம் உள்ளே நுழைந்ததும் மாமியார் எதிரே வந்து நின்றார். கண் குழிக்குள் போயிருந்தது.

"மிக்ஸி எங்க மாப்பிள்ளை?" என்றார்.

"அட!" மாப்பிள்ளை மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "கேட்டியா? மிக்ஸியை ஞாபகம் வெச்சிருக்காங்க! மெல்ல ஆரம்பிச்ச ஒரே நாள்ல! அத்தை, இன்னும் ரெண்டு கேரட் எடுத்துக்கங்க."

மாமியார் அவரைப் பார்த்தபடியே நின்றார். ஏதோ சொல்ல வந்தார். "மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லணும்…" என்று ஆரம்பித்தவர், அவருடைய மலர்ந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்று ஒரு கேரட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார்.

"பாவம், சொல்ல வந்ததையும் மறந்துட்டாங்க" என்றாள் மகள்.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து இறங்கினார். கூடவே சக்கரம் வைத்த காலிப் பெட்டி ஒன்று. அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்ததுமே மாப்பிள்ளை அதைக் கதவோரமாகத் தள்ளி வைத்தார்.

சமையலறையைப் பார்த்தாலே மச்சான் மனசு மாறிவிடுவார் என்று ஒரு நப்பாசை. கண்ணாடிக் கதவு ஒன்று மட்டும் சரியாக மூடாமல் அடம் பிடித்தது. அதற்காகத் தச்சரை லீவு நாளிலும் வரச் சொல்லியிருந்தார். அவர் உள்ளே இழைத்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை மச்சானுக்கு வரவேற்பு கொடுத்தார்.

"பாருங்க மச்சான். இது விதைப் பிரிவு. இது கொட்டைப் பிரிவு. இது முழுத் தானியம். எல்லாம் அத்தையோட கண்மட்டம்."

"அம்மாவோட கண்ணு சரியாத்தான் இருக்கு மாப்பிள்ளை" என்று மச்சான் கூடத்துக்கு வந்து அம்மா முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?"

மாமியார் கன்னத்தில் கை வைத்தார். "ஞாயிறு."

"சரிதானே மச்சான்!" என்று மாப்பிள்ளை கைதட்டினார்.

"இருங்க. அம்மா, நான் யாரு?"

மாமியார் மகனை ஒரு பார்வை பார்த்தார். பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா என்பது மாதிரி. "மூத்தவன்."

"என் சின்ன வயசுல நடந்தது ஏதாவது ஒண்ணு சொல்லு."

மாமியாரின் கண் மின்னியது. "நீ பள்ளிக்கூடத்துல…" என்று உற்சாகமாக ஆரம்பித்தார். உதடு கோணியது. கை வாயைப் பொத்தியது. "ம்" என்று முடித்துக்கொண்டார்.

மச்சான் எழுந்து நின்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "போதும். நான் பள்ளிக்கூடத்துல மணியடிச்சு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பின கதை. யார் வந்தாலும் அதைத்தான் முதல்ல சொல்லுவா. என் கல்யாணத்துல மைக்கைப் பிடுங்கிச் சொன்னா. அதையே மறந்துட்டா. ஒத்தை வார்த்தைக்கு வந்துட்டா. இனிமே தள்ளிப்போட முடியாது."

"அண்ணா, இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே" என்றாள் மகள்.

"பாத்துப் பாத்துத்தான் எலும்பும் தோலுமா ஆக்கி வெச்சிருக்கீங்க."

மாப்பிள்ளை மாமியாரின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அத்தை, ஒரே ஒரு கதையை முடிச்சுடுங்க. எது வேணா. அந்தக் கூரை மேல நின்னவரையாவது இறக்கி விட்டுடுங்க. நீங்க இல்லாத வீட்டுக்கு நான் எதுக்கு சாயங்காலம் வரணும்? யாரு என்னைச் சாப்பிட்டீங்களான்னு கேப்பா? எனக்கு அம்மான்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

மாமியாரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. மாப்பிள்ளையின் தலையில் கை வைத்தார். வாயைத் திறந்தார். மகனைப் பார்த்தார், மறுபடியும் மாப்பிள்ளையைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, அந்தக் காலிப் பெட்டியைத் தானே உருட்டிக்கொண்டு அறைக்குள் போனார். உள்ளே புடவைகளை மடிக்கும் சத்தம் கேட்டது.

கூடத்தில் அழுதால் மச்சான் முன்னால் மரியாதை போய்விடும் என்று மாப்பிள்ளை சமையலறைக்குள் ஓடினார். அங்கே தச்சர் கண்ணாடிக் கதவை மடியில் வைத்து இழைத்துக்கொண்டிருந்தார். வாய் எதையோ கடகடவென்று மென்றுகொண்டிருந்தது.

"என்ன சார், கண்ணெல்லாம் செவந்திருக்கு? மரத்தூள் விழுந்துடுச்சா?"

"அத்தையைக் கூட்டிட்டுப் போறாங்கப்பா. மறதி முத்திப்போச்சு. பேச்சே மறந்துபோச்சு."

தச்சர் மெல்லுவதை நிறுத்தினார். "எந்த அத்தையை சார்?"

"இந்த வீட்டுல எத்தனை அத்தை இருக்காங்க? எதிர்வீட்டுக்காரரைக் கூரை மேல ஏத்திட்டு, இறக்காமலே போறாங்களே, அந்த அத்தைதான்."

"ஓ, அந்தக் கதையா!" தச்சர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஏணி போனதும் அந்த மனுஷன் காப்பாத்துங்கன்னு தெருவைப் பாத்து ரெண்டு கையையும் ஆட்டியிருக்கார். போறவங்க வரவங்க எல்லாம் பதிலுக்குக் கையாட்டிட்டுப் போயிருக்காங்க. ஒருத்தர் முகத்தையும் ஏறெடுத்துப் பாக்காத ஆளு, இன்னைக்கு இவ்வளவு பாசமா இருக்காரேன்னு தெருவே பூரிச்சுப்போச்சாம். பெரியம்மாவும் ஜன்னல்லேருந்து ரொம்ப நேரம் கையாட்டினாங்களாம்!"

கூடத்திலிருந்து மச்சானும் மகளும் கதவருகே வந்திருந்தார்கள்.

"இது உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார் மாப்பிள்ளை.

"பெரியம்மாதான் சொன்னாங்க. கல்யாண வீட்டுக் கதை, பஸ்ல தூங்கினவன் கதை, இவங்க பையன் பள்ளிக்கூடத்துல மணியடிச்ச கதை, எல்லாம் மனப்பாடம் எனக்கு. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் எனக்கு ரேடியோவே அவங்கதானே! பாதாமும் வால்நட்டும் வேற கை நிறைய அள்ளிக் குடுப்பாங்க. மாப்பிள்ளை ஆசை ஆசையா வாங்கினது, வீணாப் போகக்கூடாது, நீ தின்னுடுப்பான்னு."

"அப்புறம் ஏன் எங்ககிட்ட மட்டும் பேச மாட்டேங்கறாங்க?" என்றாள் மகள்.

தச்சர் மாப்பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அறைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"எப்படிம்மா பேசுவாங்க? தெருமுனையில சாரோட ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும், கதையைப் பாதியில விட்டுட்டு ஓடிப்போய், டம்ளர்ல ஊறிக்கிட்டிருக்கற பல் செட்டை எடுத்து மாட்டிக்கிறாங்களே!"